வண்டி மட்டும் போதாது, மூத்திரம் எடுத்துவிடத் தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை இதழில், பின்னங்கால் இரண்டும் விழுந்துபோன நாய் ஒன்று சக்கர வண்டியோடு ஓடுகிற படம் போட்டிருந்தீர்கள். அடுத்த வாரமே ஒரு வாசகர், இது நாய்க்குச் செய்கிற சித்திரவதை, ஒரு ஊசியில் முடித்துவிடுவதுதான் கருணை என்று எழுதியிருந்தார். படத்தையும் கடிதத்தையும் எங்கள் தெருக்காரர்கள் ஆளாளுக்குக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தன் இருக்கிறான், நாலு வருஷமாக இருக்கிறான். பெயர் செவலை.

அந்த வாசகர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இழுத்துக்கொண்டு போகிற நாயைப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது, அந்த வேதனையில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் படத்தைப் பார்த்து, ஆகா எவ்வளவு அழகாக ஓடுது என்று சந்தோஷப்பட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் படத்தில் இருப்பது ஒரு நாளில் ஒரு மணி நேரம். மீதி இருபத்து மூன்று மணி நேரம் அந்த நாய் எப்படிக் கிடக்கிறது, அதை யார் புரட்டிப் போடுகிறார்கள், அதன் மூத்திரத்தை யார் எடுத்துவிடுகிறார்கள் என்பதெல்லாம் படத்தில் வராது. கால் விழுந்த நாய்கள் கால் விழுந்ததால் சாவதில்லை ஐயா, அந்த இருபத்து மூன்று மணி நேரத்தில்தான் சாகின்றன. இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

எனக்கு வண்ணார்பேட்டையில் சின்ன தையல் கடை. செவலை கடை வாசலில் படுத்துக் கிடக்கிற தெருநாய், மத்தியானம் என் சாப்பாட்டில் ஒரு பங்கு அவனுக்கு, அவ்வளவுதான் பழக்கம். 2021 ஐப்பசியில் ஒரு மழை ராத்திரி வடக்கு புறவழிச்சாலையில் ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. காலையில் கடை திறக்க வந்தால் ஷட்டரை ஒட்டிக் கிடக்கிறான். ரோட்டில் இருந்து கடை வரைக்கும் முன்னங்காலாலேயே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான். பின்னங்கால் ரெண்டும் ஈரத்துணி மாதிரி.

நான் தூக்கப் போனேன். டீக்கடை அண்ணாச்சி ஓடிவந்து, “ஏம்மா, அப்படித் தூக்காத, முதுகு மடங்கினா இருக்கிறதும் போயிரும்” என்று சத்தம் போட்டு, கடைக்குள் கிடந்த பலகையை எடுத்து வந்தார். அந்தப் பலகையை அவனுக்குப் பக்கத்தில் தரையோடு வைத்து, முதுகு வளையாமல் அப்படியே நகர்த்தி ஏற்றி, ரெண்டு இடத்தில் துணியால் கட்டித்தான் ஆட்டோவில் கொண்டுபோனோம். அன்றைக்கு அவர் இல்லையென்றால் எனக்கு இது தெரிந்திருக்காது. இன்னொன்று, வலியில் கிடக்கிற நாய் வளர்த்தவர் கையையே கடிக்கும், அதனால் மூக்கை மூடாமல் வாயைச் சுற்றி ஒரு துண்டு கட்டிவிட வேண்டும். அடிபட்ட அடையாளம் எதுவும் இல்லாமல், திடீரென்று காலும் தாடையும் விழுந்து வாயில் எச்சில் ஒழுகக் கிடக்கிற தெருநாயாக இருந்தால் தொடவே கூடாது, வெறிநோயிலும் நாய்க்கு வாதம் வரும். டாக்டருக்குத்தான் சொல்லி அனுப்ப வேண்டும்.

முதலில் போன இடத்தில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, ஊசி போட்டுவிடலாம் என்றார்கள். எந்த ஊசி என்பதே எனக்கு வீட்டுக்காரர் சொல்லித்தான் புரிந்தது. மனசு ஒப்பாமல் வேறு டாக்டரிடம் கொண்டுபோனோம், சின்ன வயசுப் பெண். அவர் எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்னாலேயே பின்னங்கால் விரல் ஒன்றை இடுக்கியால் அழுத்திப் பார்த்தார். கால் வெடுக்கென்று உள்ளே இழுத்தது. எனக்கு ஒரே சந்தோஷம். “அதைப் பார்க்காதீங்க அக்கா, முகத்தைப் பாருங்க” என்றார். கால் தானாக இழுப்பது வெறும் அனிச்சைதானாம், தண்டுவடம் மூளையோடு அறுந்து கிடந்தால்கூடக் கால் இழுக்குமாம். திரும்பிப் பார்த்தாலோ கத்தினாலோதான் வலி மூளைக்குப் போகிறது என்று அர்த்தம். வலி தெரிகிற நாய் மறுபடி எழுந்து நடக்க நல்ல வாய்ப்பு உண்டு, தெரியாவிட்டால் வாய்ப்பு குறைவு. செவலை திரும்பிப் பார்க்கவில்லை. நாய்க்கு நெஞ்சுப் பகுதியில் பதின்மூன்று முதுகெலும்பு, இடுப்பில் ஏழு. ரெண்டும் சேருகிற இடத்தை ஒட்டித்தான் நிறைய நாய்களுக்கு அடி விழுமாம். இவனுக்கும் அங்கேதான்.

நடக்க மாட்டான் என்று அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். “ஆனா வலியில்லாம, சாப்பிட்டுக்கிட்டு, வாலாட்ட முடியாட்டியும் சந்தோஷமா இருக்க முடியும். அதுக்கு நீங்க ஒண்ணு பழகணும், கையைக் கொடுங்க” என்று என் ரெண்டு கையையும் பிடித்து அவன் வயிற்றில் வைத்தார்.

ஆசிரியர் ஐயா, இந்தக் கடிதத்தில் வேறு எதை வெட்டினாலும் அடுத்து வருவதை வெட்டாமல் போடுங்கள்.

முதுகில் அடிபட்டு பின்பக்கம் விழுந்த நாய்களில் நிறையவற்றுக்கு மூத்திரப்பையைத் தானாகக் காலி செய்ய முடியாது. பை நிரம்பிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காமல் சொட்டுச் சொட்டாக வழியும். வீட்டில் இருப்பவர்கள் படுக்கை ஈரமாக இருப்பதைப் பார்த்து, பரவாயில்லை, ஒன்றுக்குப் போகிறது என்று நினைத்துவிடுவார்கள். அது போவதில்லை, வழிகிறது. உள்ளே தேங்கினது அப்படியே கிடந்து கிருமி பிடித்து, அது மேலே ஏறிச் சிறுநீரகத்துக்குப் போகும்.

எடுத்துவிடுவது கஷ்டமான வேலை இல்லை, ஆனால் ஒரு தடவையாவது டாக்டர் கையைப் பிடித்துச் சொல்லித்தர வேண்டும். நான் செய்கிற விதம் இது. அவனை என் முழங்கால்களுக்கு நடுவில் நிற்க வைத்த மாதிரி பிடித்துக்கொண்டு, பின்னங்காலுக்குச் சற்று முன்னால் வயிற்றின் ரெண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பேன். நிரம்பியிருந்தால் உள்ளே பழுத்த கொய்யாப்பழம் மாதிரி வழுக்கிக்கொண்டு ஒன்று அகப்படும். ரெண்டு கைக்கும் நடுவில் அதை மெதுவாக, விடாமல், வால் பக்கமாக அழுத்த வேண்டும். வெடுக்கென்று அமுக்கக் கூடாது. முதலில் ஒன்றும் வராது, நாலைந்து மூச்சு பொறுத்தால் பீறிட்டு வரும், வரும்போது கையைத் தளர்த்தாமல் கொய்யா சுருங்கி எலுமிச்சை ஆகி அதுவும் கையில் அகப்படாமல் போகும் வரைக்கும் பிடித்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று, நாலு தடவை. நான் காலை ஐந்து, பதினொன்று, சாயங்காலம் நாலு, ராத்திரி பத்து என்று வைத்திருக்கிறேன். எவ்வளவு அழுத்தியும் வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள், உள்ளே கல் அடைத்திருந்தால் பை கிழிந்துவிடும். சில நாய்களுக்குப் பையின் வாய் இறுகிக் கிடக்கும், அதைத் தளர்த்த மாத்திரை இருக்கிறது, டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். மூத்திரம் கலங்கலாகவோ சிவப்பாகவோ வந்தால், வழக்கத்தைவிட நாற்றம் அடித்தால், நாய் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் அன்றைக்கே ஒரு குப்பியில் பிடித்துக்கொண்டு ஓடுங்கள்.

இப்போது அந்தக் காரணத்தைச் சொல்கிறேன். செவலைக்கு வண்டி செய்ததைப் பார்த்துவிட்டு வெளியே இருந்து ஆட்கள் கேட்டு வர ஆரம்பித்தார்கள். போன வருஷம் தச்சநல்லூர் பக்கத்தில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. மொட்டை மாடியில் காக்காயைத் துரத்திக்கொண்டு ஓடி விழுந்துவிட்ட பொமரேனியன். அளவெடுத்துச் சின்னதாக ஒரு வண்டி செய்துகொடுத்தோம். என் கடை வாசலிலேயே அது நாலு எட்டு ஓடியது, அந்த வீட்டுப் பிள்ளை, ஏழாவதோ எட்டாவதோ படிக்கிறது, கைதட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடியது. மூத்திரம் எடுத்துவிடுகிறீர்களா என்று கேட்டேன். “அதுவே போயிடுது அக்கா, எப்பவும் ஈரமாத்தான் இருக்கு” என்றார்கள். பண்டிகை நேரம், கடையில் துணி குவிந்து கிடந்தது, நானும் சரி என்று விட்டுவிட்டேன். பதினோராம் நாள் நாய் செத்துப்போனது. ரெண்டு நாளாக வாந்தி, சாப்பாடு இல்லை, கடைசியில் தூக்கிக்கொண்டு போனபோது பை கல் மாதிரி இருந்ததாம், சிறுநீரகம் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளை அப்பாவோடு வந்து வண்டியைத் திருப்பிக் கொடுத்தது. சக்கரத்தில் ஒரு மண் துகள் இல்லாமல் கழுவித் துடைத்திருந்தது. “வேற நாய்க்குக் குடுங்க அத்தை” என்றது. நான் ஒன்றும் பேசவில்லை. வண்டியைக் கொடுக்கத் தெரிந்த எனக்கு, அன்றைக்கு ஒரு பத்து நிமிஷம் உட்கார வைத்துச் சொல்லித்தரத் தோன்றவில்லை.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன், அதையும் நிறையப் பேர் கேட்கிறார்கள். கடையில் விற்பது பல ஆயிரம் ஆகும். என் கொழுந்தன் பிளம்பர், முக்கால் இஞ்ச் பி.வி.சி. குழாயும், அதை இணைக்கிற எல்போ, டீ மூட்டுகளும் வைத்து ஒரு மத்தியானத்தில் சட்டம் கட்டிவிட்டான். பெட்டிக்கு மாட்டுகிற சின்னச் சக்கரம் எங்கள் தெருவில் சரிப்படாது, மண்ணில் புதைந்து நிற்கும், குழந்தைகள் சைக்கிளில் பக்கத்துக்கு மாட்டுகிற சக்கரம் நன்றாக இருக்கிறது. உடம்பில் படுகிற குழாய்க்கெல்லாம் ஏ.சி. குழாயில் சுற்றுகிற கறுப்பு ஸ்பாஞ்சைச் சுற்ற வேண்டும். கால் நுழைக்கிற இருக்கையை முதலில் பழைய ஜீன்ஸ் துணியில் தைத்தேன், அது ஈரத்தை வாங்கிக்கொண்டு காயவே இல்லை, தொடை இடுக்கு சிவந்துபோனது. அப்புறம் ரெக்சினில் தைத்து உள்பக்கம் மட்டும் கழற்றித் துவைக்கிற மாதிரி மெத்தென்ற துணி வைத்தேன். ஆண் நாயாக இருந்தால் முன்பக்கம் வெட்டி இடம் விட்டுத் தைக்க வேண்டும், அழுத்தக் கூடாது. நாய் நிற்கும்போது முதுகு தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். பின்பக்கம் தூக்கலாக இருந்தால் பாரம் முழுக்க முன்னங்காலுக்கு வந்து தோள்பட்டை போய்விடும், ஏற்கெனவே அவனுக்கு இருப்பது அந்த ரெண்டு கால்தான். பின்னங்கால் பாதம் தரையில் உரசாமல் ஒரு நாடாவில் தூக்கிக் கட்டிவிட வேண்டும்.

முதல் நாள் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். பழகின பிறகும் ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் விடுவதில்லை. வண்டியில் இருக்கிற நாயால் படுக்க முடியாது, அதனால் மாட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறவர்கள் தயவுசெய்து மாட்டாதீர்கள். சித்திரை வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும், நம் ஊர்த் தார் ரோட்டில் அதற்கு மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள், அப்புறம் அதை நடக்கச் சொல்வீர்களா என்று தெரியும்.

படுக்கைக்குப் பத்தமடைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, பாய் ஆகாது. எலும்பு தரையில் அழுந்துகிற இடமெல்லாம் புண் வைத்துவிடும், இடுப்பு எலும்பு, பின்னங்கால் முட்டி ரெண்டும் முதலில் போகும். எங்கள் வீட்டுத் தார்சாவில் கனமான ஸ்பாஞ்ச் மெத்தைக்கு ரெக்சின் உறை போட்டு, அதன் மேல் பழைய வேட்டி விரித்திருக்கிறேன். நனைந்தால் வேட்டியை உருவி வேறு போட்டுவிடலாம். ஒரே பக்கம் கிடக்கவிடாமல் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும். நான் கடையில் இருக்கும்போது அதைச் செய்கிறவர் என் அத்தை, எழுபத்திரண்டு வயசு. முதலில் வாசலில் நின்று, சவத்த எதுக்குடி வீட்டுக்குள்ள கொண்டாற என்று திட்டியதும் அவர்தான்.

இதிலும் ஒரு தடவை தவறிவிட்டது. அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு நாள் போய் வந்தோம், பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன ஆள் சாப்பாடு மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வந்து கதவைத் திறந்ததும் ஒரு வாடை. அவன் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு முன்னங்காலால் என்னை நோக்கி இழுத்து வருகிறான், பின்னால் வால் அடியில் புழு நெளிகிறது. ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழுவாகிவிடும். மற்ற நாய் என்றால் அரிக்கும், வலிக்கும், திரும்பி நக்கும். இவனுக்குத் தெரியவே தெரியாது. டாக்டர் டர்பன்டைன் நனைத்த பஞ்சை வைத்து வெளியே வரவழைத்து ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்தார், நான் தலையைப் பிடித்திருந்தேன். அவன் என் கையை நக்கிக்கொண்டே இருந்தான். மண்ணெண்ணெய், பெட்ரோல் என்று எதையும் புண்ணில் ஊற்றாதீர்கள், வெந்துபோகும். அன்றையில் இருந்து தினமும் ராத்திரி டார்ச் அடித்து வால் அடி, தொடை இடுக்கு, விரல் இடுக்கு எல்லாம் பார்க்காமல் நான் படுப்பதில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதினேழாம் தேதி ராத்திரி ஆறு எங்கள் தெருவுக்குள் வந்தபோது வீட்டுக்காரர் அத்தையை மாடி ஏற்றினார், நான் செவலையை மெத்தை உறையோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு ஏறினேன். மொட்டை மாடிப் படிக்கட்டு மறைவில் மழைச் சத்தத்துக்கு நடுவில் ராத்திரி பத்து மணிக்கு வழக்கம்போல அவனுக்கு எடுத்துவிட்டேன். தையல் மெஷின் போச்சு, வண்டி போச்சு. மறுபடி குழாய் வாங்கிச் செய்தோம்.

ஊசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. மருந்துக்கு அடங்காத வலி, மூச்சு விட முடியாத நிலைமை, சாப்பாட்டைப் பார்த்தும் தலை தூக்காத நாய் என்றால் டாக்டர் சொல்வதைக் கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுத்துக்கொண்டே அனுப்பிவைப்பதும் வளர்த்தவர் கடமைதான். நாலு தடவை எடுத்துவிட வீட்டில் ஆளே இல்லை என்றால் அதையும் மனசு திறந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டோரம் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதுதான் கூடாது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை என்று அதில் இருப்பதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

ராமையன்பட்டியில் 2012இல் இருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கேயும் அரசு கால்நடை மருத்துவமனைகளிலும் மாதம் ஒரு நாள், ஒரு மணி நேரம், கால் விழுந்த நாய் வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டு மூத்திரம் எடுத்துவிடுவது எப்படி, புண்ணைப் பார்ப்பது எப்படி என்று கையைப் பிடித்துச் சொல்லித் தந்தால் போதும். வண்டி செய்ய எங்கள் தெருவில் ஒரு பிளம்பர் இருக்கிற மாதிரி எல்லாத் தெருவிலும் ஒருவர் இருப்பார். அந்தக் கைப்பழக்கத்தைத்தான் யாராவது தர வேண்டும். உங்கள் பத்திரிகை இதைக் கேட்டு எழுதினால் அதிகாரிகள் காதில் விழும்.

அந்தச் சின்ன வண்டி இன்னும் என் கடைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது, பொமரேனியன் அளவு. வேண்டும் என்பவர்கள் வண்ணார்பேட்டையில் சக்கர வண்டி நாய் இருக்கிற தையல் கடை என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். நாயோடு சாயங்காலம் நாலு மணிக்கு வரச் சொல்லுங்கள், செவலைக்கு எடுத்துவிடுகிற நேரம் அது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, அவர்களும் கை வைத்துப் பழகிய பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி.